கேசட் மாதிரியே இல்லை!

ஜாஸ் என்ற வார்த்தைக்கு நம்மூரில் மூன்று அர்த்தங்கள் புழக்கத்தில் இருக்கின்றன.

முதலாவது: பெரிய ஓட்டல் வரவேற்பறையில், ஒரு காபி என்ன விலை என்று மெனு கார்டைப் பார்த்து நாம் நெஞ்சைப் பிடித்துக் கொள்ளும்போது பின்னணியில் மெலிசாகக் கேட்பது. இரண்டாவது: கறுப்பு வெள்ளை சினிமாவில் வில்லன் கிளப்புக்குள் நுழைந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்காரும்போது, மேடையில் கோட் போட்ட ஒருவர் கன்னம் உப்ப ஊதுவது. மூன்றாவது: 'டூயட்'. 1994-ல் அந்தப் படம் வந்ததிலிருந்து சாக்ஸபோன் என்றாலே ஜாஸ் என்று முடிவு கட்டிவிட்டோம். திரையில் பிரபு பிடித்திருந்த சாக்ஸபோனை நிஜத்தில் வாசித்தவர் கத்ரி கோபால்நாத். கர்நாடக சங்கீத வித்வான். வாத்தியத்தை வைத்து சங்கீதத்துக்குப் பெயர் வைப்பது, தட்டைப் பார்த்துவிட்டு சாப்பாட்டுக்குப் பெயர் வைப்பது மாதிரி. பீங்கான் தட்டில் போட்டாலும் இட்லி இட்லிதான்.

இந்த வாரம் நான் சொல்ல வந்தது நான்காவது அர்த்தம். அதற்கு ஓர் ஆல்பம் போதும். பெயர் 'ஹிஸ்டாரிஸிட்டி'. 2009-ல் வந்தது. வாசித்தவர் விஜய் ஐயர்.

பெயரைப் பார்த்ததும் மார்கழி மாதம், வெள்ளிச் சொம்பு, மிளகுப் பால் என்று கற்பனையை ஓட விடாதீர்கள். இவர் 1971-ல் அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்து ஆல்பனியில் பிறந்தவர். அப்பா அம்மா தமிழர்கள். மூன்று வயதில் கையில் வயலின் கொடுத்தார்கள். மேற்கத்திய முறைப்படி பதினைந்து வருஷம் கற்றுக்கொண்டார். வீட்டில் இருந்த பியானோவை மட்டும் யாரும் சொல்லிக் கொடுக்காமல், காதால் கேட்டுத் தானாகவே பழகினார். கடைசியில் எது சோறு போட்டது என்று பாருங்கள். ஃபீஸ் கட்டிப் படித்தது இல்லை, ஓசியில் படித்தது!

இனிமேல் வருவது கல்யாண வயதில் பிள்ளை வைத்திருக்கும் பெற்றோர்கள் படிக்க வேண்டாத பகுதி. யேல் பல்கலைக்கழகத்தில் கணக்கும் பௌதிகமும் படித்து முடித்து, பௌதிகத்தில் டாக்டர் பட்டம் வாங்க பெர்க்லிக்குப் போனவர், நடுவில் அதை விட்டுவிட்டார். சாயங்காலங்களில் ஓக்லண்ட், சான் பிரான்சிஸ்கோ பக்கம் ஜாஸ் வாசிக்கப் போய், அதுவே பகலையும் பிடித்துக்கொண்டது. அப்புறம் அதே பெர்க்லியில் 1998-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். சங்கீதத்தை நம் உடம்பு எப்படிப் புரிந்துகொள்கிறது என்பது ஆராய்ச்சி. 2013-ல் மெக்ஆர்தர் ஃபெலோஷிப். 2014 முதல் ஹார்வர்டில் பேராசிரியர். ஆகவே 'பாட்டுன்னு போனா உருப்பட மாட்டே' என்று வீட்டில் சொன்னால் இவரைக் காட்டலாம். ஆனால் பௌதிகத்தை விடுவதற்கு முதலில் பௌதிகம் வரவேண்டும் என்று அவர்கள் திருப்பி அடித்தால் நான் பொறுப்பல்ல.

*

ஆல்பத்தில் மூன்றே பேர். பியானோ விஜய் ஐயர், பெரிய டபுள் பாஸ் ஸ்டீஃபன் கிரம்ப், ட்ரம்ஸ் மார்க்கஸ் கில்மோர். பாட்டுக்காரர் கிடையாது, வார்த்தை கிடையாது. மொத்தம் பத்து உருப்படி. அதில் நாலு விஜய் ஐயரின் சொந்த மெட்டு. மற்ற ஆறும் அடுத்தவர்களுடையவை. அதாவது 'கவர்'.

'அப்போ பாதிக்கு மேல காப்பியா?' என்று உங்களுக்குத் தோன்றினால் உங்கள் மேல் தப்பில்லை. நாம் வளர்ந்த இடம் அப்படி. கச்சேரி என்று நாம் சொல்வது இரண்டு விதம்.

ஒன்று லைட் மியூசிக். கல்யாண ரிசப்ஷனில், ஆடித் திருவிழாவில், கலர் பல்பு அலங்காரத்தில் நடப்பது. அங்கே ஒரே சட்டம்: ரிக்கார்டில் இருப்பது அப்படியே வரவேண்டும். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் புல்லாங்குழல் எட்டு ஸ்வரம் வாசித்திருந்தால் எட்டும் வேண்டும். ஏழு வந்தால் மூணாவது வரிசையில் உட்கார்ந்து பன்னீர் பட்டாணி சாப்பிட்டுக் கொண்டிருக்கிற மாமாவுக்குக் கூடத் தெரிந்துவிடும். இதில் கிடைக்கக்கூடிய அதிகபட்சப் பாராட்டு: 'கேசட் மாதிரியே இருக்கு!' கேசட் போய், சி.டி. போய், எல்லாம் செல்போனுக்குள் வந்த பிறகும் பாராட்டு மட்டும் மாறவில்லை.

இன்னொன்று சபா. அங்கே பாடுபவர் பெரும்பாலும் தியாகராஜர், தீட்சிதர், சாஸ்திரிகள் என்று அடுத்தவர் பாட்டைத்தான் பாடுகிறார். ஒரே கீர்த்தனையை ஒரே சீஸனில் ஐந்து பேர் பாடுவார்கள். யாரும் காப்பி என்று சொல்வதில்லை. ஏனென்றால் கீர்த்தனை அங்கே வாசல். உள்ளே போய் நிரவல், ஸ்வரம் என்று அவரவர் என்ன செய்கிறார் என்றுதான் ரசிகர் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார். ஒருவர் மாதிரியே இன்னொருவர் பாடினால் அங்கே அது குறை.

ஜாஸ் இந்த இரண்டாவது கட்சி. முதலில் மெட்டை ஒருதரம் வாசிப்பார்கள். அப்புறம் அந்த மெட்டுக்குக் கீழே இருக்கிற கார்டுகள் வண்டிச் சக்கரம் மாதிரி திரும்பத் திரும்பச் சுற்றும். அதன் மேல் ஒவ்வொருவராக அந்த நிமிஷத்துக்குத் தோன்றியதை வாசிப்பார்கள். கடைசியில் பழைய மெட்டுக்கு வந்து முடிப்பார்கள். பல்லவிக்குத் திரும்புகிற மாதிரி. ஆகவே பழைய பாட்டை எடுப்பது சோம்பேறித்தனம் இல்லை, பரீட்சை. கேள்வித்தாள் எல்லாருக்கும் தெரியும். பதில் உன்னுடையதா என்று பார்க்கிறார்கள்.

சொந்தமும் இரவலும் கலந்த ஆல்பம் நமக்கும் புதிதல்ல. 1986-ல் இளையராஜா 'ஹௌ டு நேம் இட்' கொண்டு வந்தார். தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம். அதில் பாக் தன் வீட்டுக்கே வந்துவிட்டதாக ஒரு உருப்படிக்குப் பெயர் வைத்து, பாக்கின் வயலின் இசையை எடுத்து அதைச் சுற்றித் தன்னுடையதைக் கட்டினார். வயலின் வி.எஸ்.நரசிம்மன். அதை யாரும் காப்பி என்று சொல்லவில்லை. விருந்தாளிக்கு நல்ல உபசாரம் என்றார்கள்.

*

இந்த ஆல்பத்தை நான் கேட்பது தாம்பரம் - பீச் லோக்கலில். ஆல்பம் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ரயிலும் ஏறக்குறைய ஒரு மணி நேரம், சிக்னல் மனசு வைத்தால். 1931-லிருந்து மின்சார ரயில் ஓடுகிற பாதை. தாளத்துக்குப் பஞ்சமில்லை.

ஒருநாள் பக்கத்து ஸீட்டில் கழுத்தில் ஐ.டி. கார்டு தொங்கும் ஒரு பையன், நான் கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டுத் தடுமாறுவதைப் பார்த்துவிட்டு, "ஸார், உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?" என்றான்.

"இல்லப்பா, பதினொண்ணு எண்ணிட்டிருக்கேன்."

இயர்போனில் ஒன்றை அவன் காதுக்குக் கொடுத்தேன். குரோம்பேட்டையிலிருந்து மீனம்பாக்கம் வரை கேட்டான். "பாட்டு எப்ப ஸார் ஸ்டார்ட் ஆகும்?" என்றான். எல்லோரும் கேட்கிற கேள்விதான். ஆகையால் அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

முதல் உருப்படி ஆல்பத்தின் பெயர் கொண்ட சொந்த மெட்டு. சானடோரியம் தாண்டியும் முடியாது. பயப்பட வேண்டாம். இரண்டாவது 'ஸம்வேர்'. லியனார்ட் பெர்ன்ஸ்டைன் 1957-ல் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' நாடகத்துக்குப் போட்டது. காதலர்கள் தங்களுக்கும் எங்கேயாவது ஓர் இடம் இருக்கும் என்று ஏங்குகிற பாட்டு. தாம்பரத்துக்கு அப்பால் மனை பார்க்கிற இளம் தம்பதிகள் எல்லாருக்கும் பொருந்தும். இதில் மேலே மெட்டு நிதானமாக நடக்க, கீழே தாளம் வேறு கணக்கில் நகர்கிறது. ஏக்கம் அப்படியே இருக்கிறது. நாற்காலி மட்டும் ஆடுகிறது.

மூன்றாவது நம்மைத் தூக்கிப் போடும். 'கலாங்'. மூலம் எம்.ஐ.ஏ. என்கிற மாதங்கி அருள்பிரகாசம் 2003-ல் வெளியிட்ட பாட்டு. லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, கொஞ்ச காலம் மதராஸிலும் இருந்து, போர் துரத்தியதால் மறுபடி லண்டன் போன ஈழத் தமிழ்ப் பெண். எலெக்ட்ரானிக் பெட்டியில் அவர் தட்டிய தாளத்தை இந்த மூவர் மரத்திலும் தோலிலும் கம்பியிலும் தட்டுகிறார்கள். பியானோவை வாசிக்கிறார் என்று சொல்வதை விட, வெளுத்து வாங்குகிறார் என்பதுதான் பொருத்தம். ஆல்பனித் தமிழரும் யாழ்ப்பாணத் தமிழரும் ஒரு பியானோவில் சந்தித்துக்கொள்வதை நாம் திரிசூலத்தில் உட்கார்ந்து கேட்கிறோம். உலகம் சுருங்கிவிட்டது என்று சும்மா சொல்லவில்லை.

ஐந்தாவது 'ஸ்மோக் ஸ்டாக்'. இதை மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். ஆண்ட்ரூ ஹில் என்ற பியானோக்காரர் 1963-ல் ரிக்கார்டு செய்த மெட்டு. அன்றைக்கு அதற்கு ட்ரம்ஸ் வாசித்தவர் ராய் ஹேன்ஸ். 2009-ல் விஜய் ஐயருக்காக அதே மெட்டுக்கு ட்ரம்ஸ் வாசிக்கிற மார்க்கஸ் கில்மோர் யார் தெரியுமா? ராய் ஹேன்ஸின் பேரன். பெண் வயிற்றுப் பேரனா, பிள்ளை வயிற்றுப் பேரனா என்று நம்மவர்கள் கேட்பதற்குள் விஷயத்துக்கு வருகிறேன். தாத்தா வாசித்த உருப்படியைப் பேரன் வாசிக்கிறான். தாத்தா மாதிரி வாசிக்கவில்லை. தாத்தாவும் அதை எதிர்பார்த்திருக்க மாட்டார். அவர் 2024-ல் தன் 99-வது வயதில் காலமானார். சொத்தில் பங்கு கொடுப்பது சுலபம். 'உன் இஷ்டப்படி செலவு பண்ணிக்கோ' என்று சொல்லிக் கொடுப்பதுதான் கஷ்டம்.

ஏழாவது நான் பதினொன்று எண்ணிய உருப்படி. 'டோகான் ஏ.டி.'. ஜூலியஸ் ஹெம்ஃபில் என்ற சாக்ஸபோன்காரர் போட்டது. பதினொன்றைக் கொண்டு சுற்றுகிற தாளம். நமக்கு இது பெரிய விஷயமில்லை. மிஸ்ரம் ஏழு, சதுஸ்ரம் நாலு, ஆக பதினொன்று என்று விரலை மடக்கிவிடுவோம். ஆனால் தூக்கக் கலக்கத்தில் காலை எட்டேகால் லோக்கலில் மடக்கிப் பாருங்கள், கிண்டியில் இறங்க மறந்துவிடுவீர்கள். மூலத்தில் செல்லோ செய்த வேலை இங்கே பாஸ்காரர் தலையில். மனிதர் சளைக்கவில்லை.

இதற்கு முன்னால் வருகிற 'பிக் பிரதர்' ஸ்டீவி வொண்டர் பாட்டு. பின்னால் வருகிற 'மிஸ்டிக் ப்ரூ' ரானி ஃபாஸ்டர் போட்டது. இந்த மூன்றும் ஒரே வருஷத்தவை: 1972. விஜய் ஐயர் ஒரு வயதுக் குழந்தை. அதாவது, தான் தொட்டிலில் கிடந்தபோது கறுப்பின அமெரிக்கர்கள் என்ன வாசித்துக் கொண்டிருந்தார்கள் என்று திரும்பிப் போய்ப் பார்க்கிறார். ஆல்பத்தின் பெயர் 'வரலாற்றில் எங்கே நிற்கிறோம்' என்கிற மாதிரி அர்த்தம் தருவது சும்மா இல்லை. 'நம்ம பையன்' என்று நாம் உரிமை கொண்டாடலாம், தப்பில்லை. ஆனால் அவர் தன் வாத்தியார்கள் என்று காட்டுகிற வரிசையில் நிற்பவர்கள் இவர்கள். ரத்தத்தில் வந்தது ஒரு வம்சம். காதில் வந்தது இன்னொன்று.

*

'மிஸ்டிக் ப்ரூ'வில் ஒரு கணக்கு இருக்கிறது. அஞ்சாதீர்கள், ஆறாம் வகுப்புத் தமிழ் வாத்தியார் சொன்னதே போதும்.

குறிலுக்கு ஒரு மாத்திரை. நெடிலுக்கு இரண்டு. சரிதானே? இப்போது மூன்று மாத்திரையை எத்தனை விதமாக நிரப்பலாம்? மூன்று குறில், குறில் நெடில், நெடில் குறில். ஆக 3 விதம். நாலு மாத்திரையை 5 விதம். ஐந்தை 8 விதம். ஆறை 13 விதம். நம்பாதவர்கள் எழுதிப் பார்க்கலாம், ஆபீஸில் மீட்டிங் நடக்கும்போது நல்ல பொழுதுபோக்கு. 3, 5, 8, 13... ஒவ்வொன்றும் முந்தைய இரண்டின் கூட்டுத்தொகை. உலகம் இதை ஃபிபனாச்சி எண்கள் என்கிறது. அந்த இத்தாலியர் புத்தகம் எழுதியது 1202-ல். செய்யுளில் குறிலையும் நெடிலையும் எண்ணப் போய் ஹேமசந்திரர் இதை 12-ம் நூற்றாண்டின் நடுவிலேயே எழுதிவிட்டார். அவருக்கும் முன்னால் விரஹாங்கர்.

பக்கத்துப் பக்கத்து எண்களை வகுத்துப் பாருங்கள். ஐந்தை மூன்றால், எட்டை ஐந்தால், பதின்மூன்றை எட்டால். எல்லாம் ஒன்றே முக்காலுக்குக் கொஞ்சம் கீழே, 1.6-ஐச் சுற்றியே நிற்கும். காதுக்கு இதன் அர்த்தம்: ஒரு குட்டை, ஒரு நெட்டை என்ற ஜோடித் தாளத்தை மூன்று-ஐந்து என்று வாசித்தாலும், ஐந்து-எட்டு என்று வாசித்தாலும், எண்ணிக்கை மாறும், நடை மாறாது. அதே ஆள், வேறு செருப்பு. 'மிஸ்டிக் ப்ரூ'வை இந்த ரீதியில் இழுத்து இழுத்துப் பார்க்கிறார்கள். இதைப் பற்றி அவரே 2009-ல் இங்கிலாந்தின் 'கார்டியன்' பத்திரிகையில் எழுதினார். பௌதிகம் வீண் போகவில்லை என்று அவர் அம்மாவிடம் யாராவது சொல்லியிருப்பார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இதே 'மிஸ்டிக் ப்ரூ'வின் ஒரு துண்டை 1993-லேயே 'எ ட்ரைப் கால்ட் க்வெஸ்ட்' என்ற ராப் கோஷ்டி வெட்டி எடுத்துத் தங்கள் பாட்டுக்கு அடித்தளமாகப் போட்டது. ஒரே மெட்டு: 1972-ல் ஆர்கனில், 1993-ல் ராப்பில், 2009-ல் பியானோவில். மூன்று பேர் வீட்டில் வளர்ந்த குழந்தை. மூன்று வீட்டிலும் செல்லம்.

நமக்கும் ஜாஸுக்கும் பழைய பழக்கம் உண்டு. டேவ் புரூபெக் கோஷ்டி 1958-ல் மதராஸ் வந்து வாசித்தது. மறு வருஷம் ஐந்து எண்ணிக்கையில் 'டேக் ஃபைவ்' வந்து உலகமே ஆடியது. உடனே 'கண்ட நடை நம்மகிட்ட சுட்டது' என்று காலரைத் தூக்க வேண்டாம்; ஒன்பது எண்ணிக்கையில் வாசித்த இன்னொன்றை அவர்கள் துருக்கித் தெருவில் கேட்டதாகத்தான் சொன்னார்கள். நாம் தாராளமாகக் காலர் தூக்கக்கூடிய இடம் வேறு: 2011-ல் வந்த 'தீர்த்தா'. அதில் விஜய் ஐயரோடு தபேலாவுக்கு நிதின் மிட்டா, கிடாருக்கு பிரசன்னா. கர்நாடக சங்கீதத்தைக் கிடாரில் வாசிக்கும் பிரசன்னா, நம்ம கிண்டிப் பக்கத்து ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் இன்ஜினியரிங் படித்தவர். இந்தக் கூட்டத்தில் படித்த படிப்புக்கு வேலை பார்த்தவர் யாருமே இல்லை என்பதைக் கவனிக்க.

'ஹிஸ்டாரிஸிட்டி' கிராமி பரிசுக்கான பட்டியலில் இடம் பிடித்தது. பரிசு 2011-ல் ஜேம்ஸ் மூடி என்ற பெரியவருக்குப் போனது. போகட்டும்.

*

இதையெல்லாம் நான் ஏன் இவ்வளவு சிரத்தையாகக் கேட்க ஆரம்பித்தேன் என்பதற்கு ஒரு மனிதர் காரணம். சேலையூரில் இருக்கிறார். பெயர் வேண்டாம். நாங்கள் எல்லாரும் 'மாஸ்டர்' என்போம்.

பகலில் ஓர் ஆபீஸில் ஃபைல் தள்ளினார். சனி, ஞாயிறு லைட் மியூசிக்கில் கீபோர்டு. பல்லாவரம், குரோம்பேட்டை, மேடவாக்கம் பக்கம் முப்பது வருஷத்தில் கல்யாணம் பண்ணிக்கொண்ட பலருடைய வீடியோவில், மாப்பிள்ளை தோளுக்குப் பின்னால் மங்கலாக ஒரு மீசை தெரிந்தால் அது மாஸ்டர்தான். எந்தப் பாட்டின் எந்த இன்டர்லூடைக் கேட்டாலும் விரல் தானாகப் போகும். பிறகு டி.ஜே.க்கள் வந்தார்கள். ஒரு லாப்டாப், இரண்டு ஸ்பீக்கர். பன்னிரண்டு பேர் கோஷ்டி ஆறாகி, நாலாகி, கடைசியில் மாஸ்டரும் ஒரு ஸ்டாண்டும் மிச்சம்.

ரிட்டயர்மென்ட்டுக்கு ரெண்டு மாசம் இருக்கும்போது டீக்கடையில் சொன்னார்: "கேசட் மாதிரியே வாசிக்கிறேன்னு முப்பது வருஷம் சொன்னாங்க சார். சந்தோஷமாத்தான் இருந்துச்சு. இப்ப கேசட் மாதிரி வாசிக்க கேசட்டே இருக்கே, நான் எதுக்கு? என்னோடதுன்னு நாலு நிமிஷம் கிடையாது."

இதற்கு என்ன பதில் சொல்வது? 'சொந்தமா ஒரு ட்யூன் போடுங்க மாஸ்டர்' என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஐம்பத்தெட்டு வயதில் டீ ஆறுவதற்குள் ட்யூன் வந்துவிடாது. நான் பேசாமல் 'மிஸ்டிக் ப்ரூ'வை அவர் செல்லுக்கு அனுப்பினேன். முதலில் ரானி ஃபாஸ்டர், பிறகு விஜய் ஐயர். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள் என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை.

நாலு நாள் சத்தமில்லை. ஐந்தாம் நாள் போன்.

"சார், இந்தாளு தப்பா வாசிக்கலை."

"இல்லை மாஸ்டர்."

"வேணும்னே தள்ளிப் போடறான். மெட்டு எங்க இருக்குன்னு அவனுக்குத் தெரியுது, நமக்கும் தெரியுது. தெரிஞ்சதை வாசிக்காம விடறான் சார். நான் இத்தனை வருஷத்துல எதையும் விட்டதே இல்லை."

இதைவிடச் சுருக்கமாக ஜாஸ் விமர்சனம் நான் படித்ததில்லை.

அப்புறம் ராத்திரிகளில் ஹாலில் கீபோர்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எல்லாருக்கும் தெரிந்த ஒரு பழைய சினிமாப் பாட்டு. பெயரைச் சொன்னால் நீங்கள் உடனே முணுமுணுக்க ஆரம்பித்துவிடுவீர்கள், ஆகவே சொல்ல மாட்டேன். ஒருநாள் சமையலறையிலிருந்து அவர் மனைவி, "என்னங்க, உடம்பு சரியில்லையா? தப்புத் தப்பா வருதே!" என்று ஹார்லிக்ஸ் கலந்துகொண்டு வந்துவிட்டார். முப்பது வருஷமாக ஒரு ஸ்வரம் பிசகாமல் வாசித்த மனிதர் திடீரென்று பிசகினால் ஹார்லிக்ஸ் நியாயம்தான். மூன்றாவது வாரம் அந்த அம்மாள் ஹார்லிக்ஸ் இல்லாமல் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாராம். "இந்த எடத்துல கொஞ்சம் நிறுத்தினீங்களே, நேத்து மாதிரி, அப்படி நிறுத்துங்க" என்றாராம். மாஸ்டர் இதை என்னிடம் சொன்னபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

இந்த ஆல்பத்தைக் கேட்கப் போகிறவர்களுக்கு என் சிபாரிசும் அதுதான்: முதலில் மூலத்தைக் கேளுங்கள், அப்புறம் இவரைக் கேளுங்கள். எதை வைத்துக்கொண்டார், எதை விட்டார் என்று பாருங்கள். விட்ட இடத்தில்தான் ஆள் தெரிகிறான். பத்தையும் ஒரே நாளில் விழுங்க வேண்டாம். நாளைக்கு ஒன்று, தாம்பரத்தில் ஏறி பழவந்தாங்கலுக்குள் ஒருதரம், திரும்பும்போது ஒருதரம். இரண்டு வாரத்தில் காது பழகும். பழகாவிட்டால் ஒன்றும் நஷ்டமில்லை, கால் மணி நேரம் யாருடைய செல்போன் சண்டையையும் கேட்காமல் பயணம் செய்திருப்பீர்கள்.

மாஸ்டரின் பிரிவு உபசாரம் அவர் ஆபீஸ் மாடியில் நடந்தது. மாலை, சால்வை, ஒரு சுவர்க் கடிகாரம், சமோசா. இனிமேல் ஆபீஸ் போக வேண்டாதவருக்கு ஏன் கடிகாரம் கொடுக்கிறார்கள் என்பது இந்திய அலுவலகங்களின் தீராத மர்மம். "மாஸ்டர், ஒரு பாட்டு!" என்றார்கள். ஸ்டாண்டைப் போட்டார். அந்தப் பாட்டைத் தொடங்கினார். முதல் சுற்று அட்சரம் பிசகாமல் ரிக்கார்டு. எல்லோரும் தலையாட்டினார்கள். இரண்டாவது சுற்றில் வலது கையை எடுத்துவிட்டார். இடது கை மட்டும் கீழே நடந்தது. பாட்டு இல்லை, ஆனால் எல்லாருக்கும் உள்ளே கேட்டுக்கொண்டிருந்தது. அப்புறம் மெதுவாக, பாதி பாதியாக, எட்டில் ஐந்தைச் சொல்லி மூன்றை விட்டு, இதுவரைக்கும் அந்தப் பாட்டில் யாரும் போகாத ஒரு சந்துக்குள் போய், கொஞ்ச நேரம் அங்கேயே நின்று, திரும்பி வந்து பல்லவியில் இறங்கினார். கடிகாரத்தைப் பார்த்தேன், அங்கேதான் இருந்ததே. நாலு நிமிஷம் சொச்சம்.

கைதட்டல் ஒரு விநாடி தாமதமாக வந்தது. அவருடைய அதிகாரி சமோசாவை வைத்துவிட்டு அக்கறையோடு கிட்டே வந்து, "நல்லா இருந்துச்சு மாஸ்டர். ஆனா வழக்கம் போல கேசட் மாதிரி இல்லையே?" என்றார்.

"ஆமா சார்" என்றார் மாஸ்டர், வயரைச் சுருட்டிக்கொண்டே. "கேசட் வீட்ல இருக்கு."